இரண்டு பத்து, செவ்வாய்க்கிழமை

மீன் பெட்டிகளின் மேல்
பனிக்கட்டி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தேன்.
கையுறையோடு எடுத்ததில்
கைபேசி இருமுறை நழுவிற்று.
பள்ளிக்கூடம்.
காய்ச்சலாக இருக்கும், வாந்தியாக இருக்கும்
என்று நினைத்தபடி ஹலோ என்றேன்.

டில்டாவின் இடது மேற்கையில்
நான்கு கன்றிய தடங்கள் என்றார் மிஸ் வின்ஸ்டன்லி.
கேட்டதற்குத் தெரியாது என்றாளாம்.
"எங்கள் கடமை" என்று மூன்று முறை சொன்னார்.
ஒவ்வொரு முறையும் குரல் சற்றே தாழ்ந்தது.

கிரிம்ஸ்பியில் அன்று மழை இல்லை.
ஏன் சொல்கிறேன் என்றால்
அதற்குப் பிறகு நடந்த எல்லாமே
மழையில் நடந்ததாகத்தான் நினைவில் இருக்கிறது.

மறுநாள் ஒரு பெண் வந்தார்.
கழுத்து அட்டையின் படத்தில் மட்டும் சிரித்துக்கொண்டு.
குளிர்பெட்டியைத் திறக்கலாமா என்றார்.
திறப்பார் என்று தெரிந்து
முந்தைய இரவே திராட்சை வாங்கி வைத்திருந்தேன்.
எங்கள் வீட்டில் யாரும் திராட்சை தின்பதில்லை.
விளக்கொளியில் அது பளபளத்தபோது
பொய் சொல்லிப் பிடிபட்டவள் போல முகம் சுட்டது.

டேரலுக்குத்தான் கேள்விகள் அதிகம்.
ஆறடி இரண்டங்குலம், லாரி ஓட்டுகிறவன்,
அவன் கதவைச் சாத்தினால் ஜன்னல் அதிரும்.
கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்
அவை ஏதும் பேசிவிடக் கூடாதென்பது போல.
விசாரணை முடியும்வரை
வேறிடத்தில் தங்க முடியுமா?
முடியும் என்றான்.
தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு
கிளீத்தார்ப்ஸில் தம்பி வீட்டுக்குப் போனான்.

நான் தடுக்கவில்லை.
எழுதிவிட வேண்டியது இதுதான்:
அவன் வண்டி முனை திரும்பி மறைந்ததும்
எனக்கு மூச்சு சீரானது.
பதினோரு வருடம் ஒரே போர்வை.
ஒரு தொலைபேசி அழைப்பில்
அவன் கைகளைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

வியாழன் இரவு டில்டாவைக் குளிப்பாட்டினேன்.
நுரைக்கு மேலே அந்தக் கை.
தடங்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன,
ஓரங்களில் மட்டும் ஊதா.
சோப்புப் போடப் பிடித்தேன்.
பிடித்த இடத்தில்
என் நான்கு விரல்களும்
வீடு திரும்பியவை போலப்
பொருந்தி உட்கார்ந்தன.

ஞாயிறு. ஃப்ரீமன் தெரு.
சிவப்பு விளக்கை மதிக்காமல் வந்த வேன்.
நடைபாதை விளிம்பிலிருந்து அவளை இழுத்தேன்.
காப்பாற்றினேன்.
அப்படித்தான் சொல்ல வேண்டும், உண்மையும் அதுதான்.
ஆனால் வேன் போன பிறகும்
கொஞ்ச நேரம் கையை விடவில்லை.
எத்தனை தடவை சொல்வது என்று உலுக்கினேன்.
எத்தனை நொடி? மூன்றா, ஐந்தா?
வேனின் நிறம் ஞாபகம் இருக்கிறது.
இது இல்லை.

"வலிச்சுதா அன்னைக்கு?"
"நீ அழுதியே" என்றாள்,
ரப்பர் வாத்தை அமுக்கித் தண்ணீர் பீய்ச்சியபடி.
"அதான் யார்கிட்டயும் சொல்லல."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு
நானே அந்த எண்ணை அழுத்தினேன்.
வேனைச் சொன்னேன். உலுக்கியதைச் சொன்னேன்.
மூன்று நொடி, ஐந்தாகவும் இருக்கலாம் என்றேன்.
மறுமுனையில் தட்டச்சு ஒலி.
நான் நிறுத்தியபோது அதுவும் நின்றது.

மேல் நடவடிக்கை இல்லை என்று
ஆறு வாரத்தில் கடிதம் வந்தது.
அதற்கு முன்பே டேரல் வந்துவிட்டான்,
அதே தலையணையோடு.
என்னைச் சந்தேகப்பட்டாயா என்று கேட்கவில்லை.
கேட்டால் என்ன சொல்வதென்று
பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஒத்திகை பார்க்கிறேன்.
இப்போது அவன் டில்டாவைத்
தூக்கிப் போட்டுப் பிடிப்பதில்லை.
அவள் கேட்கிறாள்.
முதுகு வலி என்கிறான்.

பள்ளி வாசலில் என்னைக் கண்டதும்
மிஸ் வின்ஸ்டன்லி சாவிக்கொத்தில் எதையோ தேடினார்.
நன்றி என்றேன்.
திட்டுவது போல வெளியே வந்தது.
திரும்பவும் சொல்லிப் பார்த்தேன்.
இரண்டாவது பரவாயில்லை.

சாலையைக் கடக்கும்போது
டில்டா தானாகவே கையை நீட்டுகிறாள்.
ஒற்றை விரலால் பிடித்துக்கொள்கிறேன்.
"இறுக்கிப் பிடி" என்கிறாள்,
"வண்டி வருது."